தெரியாத ஹோட்டலுக்கு முதல் வரி

மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு இளம் தம்பதி இருந்தார்கள். ஏறாவூரில் தறி போட்டு மேசைவிரிப்பு நெய்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. பாசிக்குடாவில் அறிமுகமில்லாத ஒரு ஹோட்டலுக்குக் கணவர் போனில் ஈமெயில் எழுதிக்கொண்டிருந்தார்.

“தெரியாத ஆக்களிட்ட ‘சுகமா?’ எண்டு கேட்டா பயந்துருவாங்க,” என்றாள் மனைவி.

“பின்ன எப்படித் தொடங்குற? இதுவரைக்கும் ஒருத்தரும் பதில் போடல்லியே.”

“கம்பஸில எனக்கு முதல்முதல் என்ன மெசேஜ் போட்டீங்க?”

“‘லைப்ரரியில குடைய விட்டிட்டுப் போயிட்டீங்க, என்னட்ட இரிக்கி’ எண்டு.”

“அதாலதான் பதில் போட்டன். சுகம் கேட்டிருந்தா புளொக் பண்ணியிருப்பன்.”

அவர் சிரித்துவிட்டு ஹோட்டலின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில், எழுதியதை மெல்ல வாசித்துக் காட்டினார்.

“‘உங்கள் கடற்கரை மேசைகளில் விரிப்புப் பறக்காமல் இருக்கக் கல் வைத்திருப்பதைப் பார்த்தோம். நாங்கள் நெய்வது கனமான துணி.’”

“இது நல்லாரிக்கி. அனுப்புங்க.”

பஸ் நகரத்தை அடையுமுன் பதில் வந்துவிட்டது. மாதிரிக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

“இண்டைக்கே போவமா?” என்று அவர் தயங்கினார்.

“பின்ன? வீட்ட போய் விரிப்ப எடுத்திட்டுப் போவம். எழும்புங்க.”

மணியை அடித்ததும் அவள்தான். ஜன்னலால் பார்த்தேன். எதிர்ப்பக்கம் வந்த ஏறாவூர் பஸ்ஸைப் பிடிக்க, இருவரும் கைகோத்தபடி வீதியைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.