கூண்டுக்குள் ஒரு கை

— கையை முழங்கை வரைக்கும் கூண்டுக்குள்ள விட்டேன் பாருங்க டாக்டரம்மா, ரெண்டாயிரம் கொசு. கார்மேகம் மாதிரி வந்து அப்பிக்கிச்சு. என் கை எனக்கே தெரியல.

— திருத்தம். நாப்பது.

— நாப்பதா? ஏம்மா, கடி வாங்கினவன் நானா, நீயா?

— எண்ணி உள்ள விட்டவ நான். என் கூண்டு, என் கொசு.

— ஒரு நிமிஷம் சார். நான் வெறும் பல் டாக்டர், எனக்குப் பொறுமையா சொல்லணும். என் பையன் கல்யாண விஷயமா உங்க வீட்டுக்கு வந்தேன். உக்காந்து ஒரு வாய் காபி குடிக்கறதுக்குள்ள கொசுக் கூண்டுல கையை விட்டுட்டீங்க. எதுக்கு விட்டீங்க?

— காதலுக்குத்தான் சம்பந்தியம்மா, வேற எதுக்கு?

— சம்பந்தி இன்னும் ஆகல சார்.

— ஆயிடுவீங்க. நீங்கதானே வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கேட்டீங்க, ஆராய்ச்சிக்கூடத்துல ஆரம்பிச்ச பழக்கம் குடித்தனம் வரைக்கும் தாங்குமான்னு. அதுக்குத்தான் சாட்சியோட பதில் சொல்றேன். சாட்சி இதோ, கீரை ஆய்ஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நாங்களும் உங்க பையனும் எங்க பொண்ணும் மாதிரிதான். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போன எடத்துல பாத்துக்கிட்டோம். இவ கொசு வளத்தா. நான் பக்கத்து ரூம்ல மீன் வளத்தேன். என்ன மீனு? கொசுப்புழுவைத் திங்கற மீனு. இவ பெத்தா, நான் தின்னேன். இதுக்கு மேல ஒரு பொருத்தம் உலகத்துல உண்டா?

— நல்ல பொருத்தம்தான்.

— தினமும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கிட்டு இவ ரூம் வாசல்ல போய் நிப்பேன். மிச்சம் மீதி புழு இருந்தா போடுங்கம்மான்னு. ராஜகுமாரன் மாதிரி நிப்பேன்.

— திருத்தம். பிச்சைக்காரன் மாதிரி. சட்டை பொத்தான் ஒண்ணு இருக்காது.

— பாத்தீங்களா, பொத்தான் வரைக்கும் ஞாபகம். அதான் காதல். இவ ஒரு வார்த்தை பேச மாட்டா. கிண்ணத்துல புழுவை ஊத்திட்டு முகத்துல அடிக்கிற மாதிரி கதவைச் சாத்துவா. ஆனா நாளாக ஆக கிண்ணத்துல புழு கூடிக்கிட்டே வந்துச்சு. என் மீனுங்க தின்னு தின்னு ஒவ்வொண்ணும் பூனைக்குட்டி சைஸுக்கு ஆயிடுச்சு. எங்க கைடு வந்து பாத்துட்டு, இது மீன்தானான்னு சந்தேகப்பட்டாரு.

— மேடம், திருத்தம் போடலையா?

— சைஸுக்குப் போட்டா ராத்திரி வரைக்கும் போடணும். விட்டுட்டேன்.

— சரி சார், கை கதைக்கு வாங்க. அந்தக் கூண்டுக்குள்ள கையை விடறதுக்கு என்ன அவசியம்?

— ஆங். பொட்டைக் கொசு ரத்தம் குடிச்சாத்தான் முட்டை விடும். அந்தக் காலத்துல அதுக்கு மெஷினா இருந்துச்சு? யார் கொசு வளக்கறாங்களோ அவங்க கையைத்தான் கூண்டுக்குள்ள நீட்டணும். நோய் நொடி இல்லாத கொசு, கூண்டுலயே பொறந்து கூண்டுலயே வளந்தது, பயம் ஒண்ணும் இல்ல. ஆனா அரிக்கும் பாருங்க, அப்பப்பா, எலும்புக்குள்ள அரிக்கும். இவ வாரா வாரம் நீட்டுவா. ஒரு கையில கொசுவுக்கு விருந்து, இன்னொரு கையில புஸ்தகம். முகத்துல ஒரு சுளிப்பு கிடையாது. அதைக் கண்ணாடி வழியா பாத்தவன்தான் நான். பாத்தவன் விழுந்தேன், இன்னும் எழுந்திரிக்கல.

— இத்தனை மனசு விட்டுப் பேசற ஆம்பளைங்களை நான் என் நாற்காலியில பாத்ததே இல்ல சார். மயக்க ஊசி போட்டாக்கூட.

— ஊசியே வேணாம் எனக்கு. கேளுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை. இவளுக்குக் காய்ச்சல், ஹாஸ்டல்ல சுருண்டு கிடக்கா. அன்னைக்கு ரத்தம் குடுக்கற முறை. குடுக்கலைன்னா கூண்டோட போச்சு, வம்சமே பூண்டோட அத்துப் போயிடும். நான் என்ன பண்ணேன்? மீன் ரூம் சாவியும் கொசு ரூம் சாவியும் ஒரே ஆணியிலதான் தொங்கும். எடுத்தேன், தொறந்தேன், நாலு கூண்டுலயும் மாத்தி மாத்திக் கையை விட்டேன். என் ரத்தத்துல பாதி அன்னைக்கே காலி. வெளிய வந்தா தலை சுத்துது. செவுத்தைப் புடிச்சுக்கிட்டே ஹாஸ்டல் வரைக்கும் போய், கீழ நின்னு கையைத் தூக்கிக் காட்டினேன். மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தா. கை பூரா தடிப்பு, தக்காளி மாதிரி. அன்னைக்கு முடிவு பண்ணிட்டா, கட்டினா இவனைத்தான்னு. மோதிரம் போட்டு நிச்சயம் பண்றவன் உண்டு. கொசுக்கடி போட்டு நிச்சயம் பண்ணவன் நான் ஒருத்தன்தான்.

— பிரமாதம் சார்.

— அதோட விட்டுச்சா? அந்த வாரம் முட்டை பாருங்க, லாரி லாரியா. என் ரத்தம் அப்படி. இவ ரத்தத்துல விடறதைப் போல ரெண்டு பங்கு.

— அது உண்மை. ரெண்டு பங்கு.

— திருத்தம் இல்லாம இவ ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் இதான் டாக்டரம்மா, குறிச்சு வெச்சுக்குங்க. அப்புறம் என்ன, ரெண்டே மாசம். இவ படிப்புமாச்சு கொசுவுமாச்சுன்னு ஒரு உதறு உதறிட்டு வந்துட்டா. நான் பட்டம் வாங்கினேன், வேலை கிடைச்சுது, கல்யாணம், குழந்தை, இப்ப இந்த வீடு, இந்தக் காபி, எதிர்ல நீங்க.

— மேடம் முடிக்கலையா?

— இல்ல.

— எவ்வளவு பாக்கி இருந்துச்சு?

— கடைசி அத்தியாயம்.

— சார், நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நீங்க நான் தேதி குறிக்க வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. நான் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லத்தான் வந்தேன்.

— தள்ளியா? ஏன், எங்க பொண்ணு மேல ஏதாவது...

— உங்க பொண்ணு தங்கம். அவளுக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, ரெண்டு மாசத்துல போகணும், போகட்டும். என் பையனுக்கு ஆய்வேடு முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு. நான் ஒரு வருஷம் கழிச்சுத்தான் கல்யாணம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். போன புதன்கிழமை கிளினிக்குக்கு வந்து நின்னான். அம்மா, நான் படிப்பை விட்டுடறேன், கல்யாணம் பண்ணிக்கிட்டு அவகூடவே போயிடறேங்கறான். அங்க போய் என்னடா பண்ணுவேன்னா, சமைப்பேன், ஏதாவது பாப்பேங்கறான். என் கையில இருந்த இடுக்கி நோயாளி வாயிலயே நின்னு போச்சு.

— அட, இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.

— இவ்வளவுதானாவா? சார், வேர் சிகிச்சையைப் பாதியில விட்டா என்ன ஆகும் தெரியுமா? முதல்ல வலி இருக்காது. பல்லும் பாக்கறதுக்கு நல்லாவே இருக்கும். உள்ளுக்குள்ள சீழ் கட்டிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் மொத்தமும் வீங்கும். அப்பா இல்லாத பையன், நான் தனி ஆளா நின்னு படிக்க வெச்சது, பாதியில எழுந்து போறதுக்கா?

— அதெல்லாம் ஒண்ணும் வீங்காது டாக்டரம்மா. இந்த வீட்டையே பாருங்க. இவளும் பாதியில எழுந்து வந்தவதான். என்ன குறை? பட்டத்தை ஃப்ரேம் போட்டு மாட்டினா தூசி துடைக்கணும், அவ்வளவுதான். இவ சிரிச்சுக்கிட்டே விட்டா. எனக்காக விட்டா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதைப் பத்தி முகம் கோணினது கிடையாது. கேளுங்க அவளையே.

— திருத்தம்.

— எதுக்கு? சிரிச்சுக்கிட்டேங்கறதுக்கா?

— விட்டாங்கறதுக்கு.

— புரியலையே.

— டாக்டரம்மா, நான் என்ன ஆராய்ச்சி பண்ணேன்னு இவர் சொல்லவே இல்ல. அவர் கதையில அது வராது. ஒரு இலைச்சாறு. அதைச் சக்கரைத் தண்ணியில கலந்து கொசுவுக்குக் குடுத்தா முட்டை குறையுதான்னு பாக்கணும். ரெண்டு கூண்டுக்கு சாறு உண்டு, ரெண்டு கூண்டுக்கு இல்ல. மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். ரூம் சூடு, தண்ணி, வெளிச்சம். யார் ரத்தம்ங்கறதும். மூணு வருஷமா என் கை மட்டும்தான். முட்டை நல்லா குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கடைசி தலைமுறை ஒண்ணுதான் பாக்கி.

— ஐயோ. அந்த ஞாயித்துக்கிழமை.

— சாறு குடிச்ச கூண்டுலயும் ரெண்டு பங்கு முட்டை, சாறு குடிக்காத கூண்டுக்குச் சமமா.

— ஏம்மா, என்ன சொல்ற நீ? முட்டை கூடினது நல்லதுதானே? நான் எத்தனை வருஷமா...

— முட்டை குறையணும்னுதாங்க ஆராய்ச்சி.

— மேடம், கைடு கேக்கலையா?

— கூப்பிட்டுக் கேட்டார். அந்த வாரம் யார் கைன்னு. என் கைதான்னேன். இவர் பேரைச் சொல்லியிருந்தா, அடுத்தவங்க கூண்டைத் தொட்டதுக்கு இவரை அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க. என் கைதான்னா, அப்ப சாறு பலிக்கல, மூணு வருஷக் கணக்கும் தப்பு, முதல்லேர்ந்து ஆரம்பின்னார். முதல்லேர்ந்து ஆரம்பிக்க உதவித்தொகை இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தராவது தேறட்டும்னு பெட்டியைக் கட்டினேன்.

— சார், தண்ணி குடிங்க.

— எனக்கு நீ சொல்லவே இல்லையே.

— முதல் வருஷம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஊர் பூரா சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க. நீங்க வேலையில சேந்த அன்னைக்கு, பாப்பா பொறந்தப்ப, வீடு குடி வந்தப்ப, நீங்க ஓய்வு பெற்ற அன்னைக்கு மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டு. ஒவ்வொரு தடவையும் கொசு கூடிக்கிட்டே போச்சு. அவ்வளவு சந்தோஷமா ஒருத்தர் சொல்லும்போது நடுவுல என்னத்தைச் சொல்றது? எண்ணிக்கையை மட்டும் திருத்தினேன்.

— நான் உனக்கு நல்லது பண்ணதா நினைச்சுக்கிட்டே இத்தனை காலம்...

— நல்லதுதான் நினைச்சீங்க. அதுல திருத்தம் இல்ல. ரத்தமும் நிஜம், அரிப்பும் நிஜம். அதுக்காகத்தான் கட்டிக்கிட்டேன்.

— மன்னிச்சுக்குங்க, புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனா மேடம், இப்ப நீங்களே என் பக்கம் பேசிட்டீங்க. என்னை விட நீங்கதான் இதை அவங்க ரெண்டு பேருக்கும் எடுத்துச் சொல்லணும். பட்டவங்க சொன்னா கேப்பாங்க.

— பட்டவ சொன்னா கேப்பாங்கதான்.

— உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. படிப்பை விட்டுடச் சொல்லி அவனை வற்புறுத்த வேணாம்னு.

— அவ வற்புறுத்தல. ஒரு வருஷம் இருந்து முடிச்சிட்டு வா, நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்னுதான் சொன்னா. எனக்கு எதிர்லதான் ஃபோன்ல பேசினா.

— அப்ப அவனா நினைச்சானா? இல்ல மேடம். அவனை என் வயித்துல இருந்தப்பலேர்ந்து எனக்குத் தெரியும். ஒரு சட்டை வாங்கறதுக்கு மூணு பேரைக் கேப்பான். யாரோ நல்லா ஓதியிருக்காங்க. அவன் கைடா இருக்குமா? கூடப் படிக்கிறவனுங்களா?

— ஏம்மா, நீ ஏன் கீரையை அப்படியே வெச்சுட்ட?

— போன செவ்வாய்க்கிழமை அவன் இங்க வந்தான்.

— இங்கயா? நான் எங்க இருந்தேன்?

— நடக்கப் போயிருந்தீங்க. அந்த நாற்காலியிலதான் உக்காந்தான், இப்ப டாக்டரம்மா உக்காந்திருக்கற எடத்துல. காலை எங்க மடக்கி வெக்கறதுன்னு தெரியல, அவ்வளவு உயரம். என்கூட உக்காந்து வெண்டைக்காய் நறுக்கிக் குடுத்தான், சீராத்தான் நறுக்கினான். அவ வருஷக்கணக்கா அங்கயே இருக்கற மாதிரி வேலை, என் படிப்புக்கு அங்க வேலைக்கு வழியே இல்ல, இந்த ஒரு வருஷம் முடிச்சாலும் இங்கதான் வேலை தேடணும், அப்புறம் ஆளுக்கொரு மூலையில இருந்துக்கிட்டு வாழற வாழ்க்கைதான்னான். ஆன்ட்டி, ஒருத்தர் விட்டாத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்க முடியும்னா, யார் விடணும்னு கேட்டான்.

— நீங்க என்ன சொன்னீங்க மேடம்?

— எங்க வீட்டுல பொம்பளை விட்டு ஒரு தடவை பாத்தாச்சு, இந்தத் தடவை நீ விட்டுப் பாருன்னேன்.