ப்ருன்யா கரையும் ஒரு மதிய உணவும்

சர்மாலே ஆறு உருண்டைக்கு மேல் சாப்பிட்ட எவரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. புளித்த முட்டைக்கோஸ் இலைக்குள் இறைச்சியும் அரிசியும் அடங்கிக் கிடப்பதுபோல, சாப்பிட்டவரின் கேள்விகளும் வயிற்றுக்குள் அடங்கிவிடும். பத்தொன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன் அம்மா. என் வாக்குமூலத்தை நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் ஔரேல். நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் மேற்பார்வைக் குழுவுக்குச் செயலர். காட்டுக்கும் ஆற்றுக்கும் ஒதுக்கிய பணத்தை அமைச்சகம் ஒழுங்காகச் செலவழித்ததா என்று கேட்பது குழுவின் வேலை. எந்த நாளில், எந்த வரிசையில், என்ன சாப்பிட்ட பிறகு கேட்பது என்று தீர்மானிப்பது என் வேலை. சங்கடமான விஷயத்தை மதிய உணவுக்குப் பிறகு கடைசியில் வைப்பேன். அதற்குள் பாதிப் பேர் கண்ணசந்திருப்பார்கள், மீதிப் பேர் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

அமைச்சகத்தார் எனக்கு ஒரு பேனாகூடத் தந்ததில்லை. பிறகு ஏன் செய்தாய் என்கிறீர்கள். எனக்குச் சத்தம் ஆகாது. நான் சேர்ந்த புதிதில் உறுப்பினர்கள் தண்ணீர் தம்ளரை வீசி அடித்துக்கொள்வார்கள். என் காலத்தில் ஒருவர் பிறந்தநாளுக்கு இன்னொருவர் கேக் வாங்கி வந்தார்.

ப்ருன்யாவுக்கு வருகிறேன். மூடிப்போன செம்புச் சுரங்கத்தின் கழிவுக் குளம் அது. கீழே ஊர், மேலே சேறு, நடுவில் ஒரு மண் கரை. கரையைப் பலப்படுத்த ஒதுக்கிய பணம் மூன்று வருடமாகப் பசுமை வாரக் கொண்டாட்டத்துக்குப் போனது. பச்சை பலூன், பேண்டு வாத்தியம், மரக்கன்று நடுவதற்கு ஒரு நடிகர். நடிகர் மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், பாவம்.

கரையைக் காத்துவந்த இன்ஜினியர் தீனு, இதைக் குழுவிடம் சொல்ல ஏழு முறை தலைநகருக்கு வந்தார். ஏழு முறையும் தாழ்வாரத்து நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன்.

"ஔரேல் சார், இன்னிக்காவது கூப்பிடுவாங்களா?"

"கடைசி விஷயம் உங்களோடதுதான் தீனு. கொஞ்சம் பொறுங்க."

"போன தடவையும் கடைசிதான். உள்ள ஒரே குறட்டைச் சத்தமா கேட்டுது."

"அது ஆழ்ந்த ஆலோசனை."

விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர். தோட்டத்து வால்நட்டை ஒரு பை நிறையக் கொண்டுவந்து, "லஞ்சம் இல்ல சார், மரம் இந்த வருஷம் அள்ளிக் குடுத்துடுச்சு" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

அந்த வசந்தத்தில் குழுவுக்கு ஸ்மரண்டா என்ற புது உறுப்பினர் வந்தார். சைவம். மதிய உணவுக்கு அவருக்காகக் காளான் வைத்துச் சர்மாலே தனியாகச் செய்யச் சொன்னேன். இரண்டு உருண்டையோடு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தூக்கமும் வரவில்லை. தாழ்வாரத்துக்குப் போய் தீனுவோடு ஒரு மணி நேரம் பேசினார். திரும்பி வந்தவர், "எனக்கு அந்தக் கரையைப் பாக்கணும்" என்றார்.

பார்க்க ஏற்பாடு செய்தேன். இலையுதிர் காலம், நல்ல மழை. ஓட்டுநரிடம் சுற்றுப்பாதையில் போகச் சொன்னேன். வழியில் நிதானமான மதிய உணவு, பிளம் பழச் சாராயம். நாலு மணிக்கு மூடுபனிக்குள் வண்டியை நிறுத்தினேன். மற்ற உறுப்பினர்கள் வண்டிக்குள் கண்ணசந்திருக்க, குடை பிடித்துக்கொண்டு ஸ்மரண்டா மட்டும் இறங்கினார். எதிரே, கல் பாவிய அழகான கரை. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்த மீன் பண்ணையின் கரை.

"இதுதான் கரையா?"

"கரைதான் மேடம்."

"ரொம்ப உறுதியா இருக்கே. அந்த இன்ஜினியர் ஏன் அப்படிப் பயமுறுத்தினார்?"

"தனியா இருக்கிறவர். மனசுல எதையாவது போட்டு உருட்டிக்கிட்டே இருப்பார்."

அவர் மனைவி இத்தாலியில் வேலை செய்தார். ஆகவே தனியாக இருந்தார் என்றது பொய்யில்லை. நான் பொய் சொல்வதில்லை அம்மா.

அதே நேரம் நிஜக் கரையில், வரைபடங்களை நெஞ்சோடு அணைத்தபடி தீனு மழையில் நின்றிருந்தார். போன் செய்தார்.

"வண்டி எங்க சார் வருது?"

"மழை, தீனு. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்காது சார்."

கரை உறுதியாக இருக்கிறது என்ற அறிக்கையில் ஸ்மரண்டா கையெழுத்திட்டார். மறுவாரம் தீனுவின் கடிதம் வந்தது. மழை நிற்காவிட்டால் மூன்று வாரத்துக்கு மேல் கரை தாங்காது, கீழ்த்தெரு மக்களை உடனே வெளியேற்றுங்கள் என்று எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். ஸ்மரண்டாவிடம் கொடுத்தால் எந்தக் கரையைப் பார்த்தார் என்பது அவருக்கு விளங்கிவிடும். பழையபடி தம்ளர் பறக்கும். நாட்காட்டியைப் பார்த்தேன். பதினாலு நாளில் கூட்டத்தொடர் முடிகிறது, பிறகு ஒரு மாத விடுமுறை. விடுமுறைக்குப் பிந்தைய முதல் கூட்டத்தின் பட்டியலில் கடிதத்தைச் சேர்த்தேன். கடைசியில் அல்ல, முதல் விஷயமாக. இத்தனை வருடம் காத்திருந்தவருக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

பதினேழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கரை உடைந்தது. தீனு கீழ்த்தெருவில் ஓடி ஓடிக் கதவைத் தட்டி நாற்பது பேரை மேட்டுக்கு ஏற்றிவிட்டாராம். படுத்த படுக்கையாயிருந்த ஒரு மூதாட்டியைத் தூக்கிவரத் திரும்பிப் போனவர் வரவில்லை. அவரோடு சேர்த்து ஒன்பது பேர். அடக்கத்துக்குப் போயிருந்தேன். இத்தாலியிலிருந்து வந்த மனைவி, "எங்க வீட்டுக்காரர் உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்வார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்மரண்டா என் அறைக்கு வந்தார்.

"எந்தக் கரையைக் காட்டினீங்க ஔரேல்?"

"கரையான்னு கேட்டீங்க. கரைதான்னு சொன்னேன்."

அவர் கத்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு நேரே உங்களிடம் வந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை.

கரை உடையும் என்று தெரியுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தெரியும். விடுமுறையில் உடையும் என்பதும் தெரியும். மன்றம் கூடாத நாளில் நடந்ததற்கு எந்த உறுப்பினரையும் யாரும் கேள்வி கேட்க முடியாது. அதற்காகத்தான் நாள் குறித்தேன். ஒன்பது பேர் என்கிறீர்கள், துயரம்தான். ஆனால் என் பொறுப்பில் இருந்தவர்கள் பதினோரு உறுப்பினர்கள், அம்மா. அவர்களில் ஒருவர்மேலும் ஒரு துளி சேறு படவில்லை.