எட்டுக் கிலோ எழுநூறு

இல்ல மிஸ், கதிரையெல்லாம் வேணாம். நின்னுக்கிட்டே சொல்லிர்றேன். கம்ப்யூட்டர்ல நம்ம புள்ளைங்க வளர்ச்சி ஆராய்ச்சியத் தெறங்க. ஹந்தானைத் தோட்டம், மேல் டிவிசன். நிலூஷா, பதினாலு மாசம். தாய் ஜெயராணி. எடை நிறுத்தவருன்னு ராஜலிங்கம் பேரு கெடக்கும், அது நாந்தான். நாலு மாசமும் இருக்கா? எட்டுக் கிலோ நூறு, எட்டு முந்நூறு, எட்டு ஐநூறு, எட்டு எழுநூறு. ஆ, அதான். அதத்தான் மாத்தணும்.

கணக்கப் பூட்டியாச்சு, இனி மாத்த ஏலாதுன்னா எப்பிடி மிஸ்? பூட்டினது நீங்கதானே.

கேளுங்க. நேத்து அந்தப் புள்ள கண்ணச் சொருகிருச்சுன்னு ஜெயராணி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கா. அங்க நிறுத்தா ஆறு கிலோ தொள்ளாயிரம். போன மாசம் நம்ம அட்டையில எட்டு எழுநூறு. டொக்டர் சொல்லிட்டாராம், கொஞ்சங் கொஞ்சமா எறங்கியிருந்தா உள்ள என்னா நோவுன்னு தேடலாம், ஒரே மாசத்துல இப்பிடி விழுந்தா அது தாய் பட்டினி போட்டதுதான்னு. ரெண்டு மணிக்கு சிறுவர் ஒபிஸ்காரங்க வர்றாங்க, புள்ளயப் பறிச்சு ஹோம்ல போட. இப்பவே பன்னெண்டு தாண்டிருச்சு.

தராசா? தராசு நல்ல தராசு மிஸ். காலையில அஞ்சு கிலோக் கல்லு வச்சு சரிபாத்துட்டுத்தான் மலையேறுவேன். அதுல ஒரு பழுதும் இல்ல.

நான் பதினெட்டு வருசம் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுத்தவன். கொழுந்து கட்டுற படங்குச் சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, தொரைகிட்ட நல்ல பேரு வாங்க இன்னொரு கிலோன்னு, அந்தப் பொம்பளைங்க பறிச்சதுல கழிச்சுக் கழிச்சே வளந்தவன். என்னையத் தூரத்துல கண்டாலே, அடியே கழிவு வருதுடின்னு சிரிப்பாளுக. பெறகு ஒங்க வேலை கெடச்சு அவளுக புள்ளைங்கள நிறுக்கப் போனா, அண்ணே, இதுலயாச்சும் கழிக்காமப் போடுங்கண்ணேங்கிறாளுக. எடை கொறஞ்சா மிட்வைஃப் நோனா எல்லார் முன்னுக்கும் வச்சு ஏசுவாங்களே, அந்தப் பயம். சரி, கழிச்ச பாவம் தீரட்டும்னு நூறு கிராம், எரநூறு கிராம் கூட்டிப் போட்டேன்.

ரெண்டு தரம் நிறுக்கச் சொன்னீங்க, மறக்கல. ரெண்டாவது கட்டத்துல அம்பது கிராம் முன்னபின்ன வச்சு எழுதுவேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா நீங்க சந்தேகப்படுவீங்கல்ல.

ஏசுங்க. பொலிசுல குடுங்க. எத்தன புள்ளைங்கன்னா... முப்பது இருக்கும். நாப்பதும் இருக்கும். ஐயோ, ப்ரொபெசருக்குப் பெறகு சொல்லலாம் மிஸ், ஆராய்ச்சி நாளைக்கும் இருக்கும்! இந்தப் புள்ளயோட நெச எடை நாலும் என் தலைக்குள்ள இருக்கு. எட்டு நூறு, ஏழு தொள்ளாயிரம், ஏழு அறுநூறு, ஏழு எரநூறு. பாருங்க, படிப்படியா எறங்குது. அத எழுதி ஒங்க சீல் அடிச்சுக் குடுங்க, ஓடிர்றேன். காலையில ஆஸ்பத்திரிக்குப் போனேன், வாச்சர் வாசல்லயே மறிச்சிட்டான். என் வாய்ப்பேச்ச அங்க யாரு எடுப்பா?

என்ன? ஆமா மிஸ். ஆமா. கடைசி மாசம் ஒன்றரைக் கிலோ கூட இருக்கு. கணக்குல நீங்க கெட்டிதான்.

அது... அது பாவத்துக்குக் கூட்டினது இல்ல. எடை எறங்கினா செவப்பு ஃபோம் நெரப்பி, தாயையும் புள்ளையையும் நானே டவுன் கிளினிக்குக்குக் கூட்டிட்டு எறங்கணும்ல. ரெண்டாம் மாசம் நல்ல மழை. பாதை பூரா ரத்தம் உறிஞ்சுற அட்டை. அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு ஏத்தி எழுதிட்டேன். ஒருக்கா ஏத்திட்டா பெறகு எறக்க முடியுமா? மேல மேல ஏத்திக்கிட்டே போக வேண்டியதாப் போச்சு.

ஜெயராணியா? இல்ல மிஸ், அவ ஒரு நாளும் கூட்டிப் போடச் சொல்லல. அண்ணே, தூக்குறப்ப லேசா இருக்கே, இன்னொருக்கா நல்லாப் பாருங்கன்னுதான் சொல்லுவா. மூணு மாசமும் சொன்னா. ஒங் கைக்கு என்னா தெரியும், தராசு பொய் சொல்லுமான்னு அதட்டிட்டு எறங்கிட்டேன். நம்பிட்டா. இப்ப டொக்டர்கிட்டயும் அதையேதான் சொல்லிக்கிட்டு நிக்கிறாளாம், ராஜலிங்கம் அண்ணன் பிழையா நிறுக்க மாட்டாரு, போன மாசம் புள்ள எட்டு எழுநூறு இருந்துச்சுன்னு.