சுவிட்சில் வைத்த கை

மாலை ஏழு மணி இருக்கும். கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலை... ஷட்டர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டால் அப்புறம் நாய்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. கடைசிக் கிடங்கிலிருந்து மட்டும் ஒரு சத்தம் வரும். கர்ர்ர்... பிறகு ஒரு டப். கூடவே மூக்கைச் சுடுகிற ஒரு வாசனை.

அதற்குள் நெருக்கி உட்கார வேண்டாம், பேய் இன்னும் வரவில்லை. உள்ளே இருப்பது எங்கள் அலுவலகக் கணக்கருடைய மைத்துனன். தொழில் லிஃப்ட் மெக்கானிக், பைத்தியம் மின்பொறி. பழைய டிரான்ஸ்ஃபார்மர்களைப் பொறுக்கி வந்து தானே ஒரு மெஷின் செய்திருந்தான். ஆள் உயரத்துக்குப் பொறி நீலமாகப் பாயும். அதை வீடியோ எடுத்து, எங்கே கிளை பிரிகிறது, எப்படி வளைகிறது என்று ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த வேலை கணக்கர் தலையில். பெண் எடுத்த இடம், மறுக்க முடியுமா?

அக்கா, அதாவது கணக்கரின் மனைவி, ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். தனியாகப் போகக் கூடாது. தம்பி மெஷினை நெருங்கும்போதெல்லாம் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கி அணைத்து, அதில் கை வைத்தபடி இன்னொருவன் நிற்க வேண்டும். அப்படி நின்றவன் சவுண்டு. ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன் என்பதால் அந்தப் பெயர். மற்றபடி ஆள் வாயே திறக்க மாட்டான்.

சுவிட்சை அணைத்த பிறகும் மெஷினுக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். கட்டையில் கட்டிய எர்த் கம்பியால் தொட்டு அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்கலாம். ஒரு நாள் மைத்துனன் அப்படித் தொட்டான்... டப். சரி, இறங்கிவிட்டது. கை வைக்கப் போனவன், என்ன தோன்றியதோ, கம்பியால் இன்னொரு முறை தொட்டான்.

டப்.

இறங்கியது திரும்ப எப்படி ஏறும்? சுவிட்ச் ஒரு கணம் மேலே போய் வந்தால்தான் ஏறும். சுவிட்சில் இருந்ததோ ஒரே ஒருவன் கை. அடுத்த வாரமும் அதே கதை. திரும்பிப் பார்த்தால் சவுண்டு முகமெல்லாம் வேர்த்து நிற்கிறான். கேட்டால் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான். கூடவே இருந்து குழி பறிக்கிறான், உயிருக்கே உலை வைக்கிறான் என்று மைத்துனன் முடிவு கட்டி, இனி என் முகத்தில் விழிக்காதே என்று விரட்டிவிட்டான். கணக்கரும் அதையே நம்பினார். என்னிடம் சொன்னபோது நானும் நம்பினேன். அதிகம் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது.

சில நாள் கழித்து சவுண்டு கணக்கர் வீட்டு வாசலில் வந்து நின்றான். மைத்துனனைத் தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினான். கணக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று உள்ளே கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். பொறியைப் பக்கவாட்டில் எடுக்க ஒரு கேமரா உண்டு. அதன் மூலையில் சுவிட்சும் விழுந்திருந்தது. பொறியையே பார்த்துப் பழகிய கண்... அந்த மூலையை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஒவ்வொரு படமாக நகர்த்தினார். மைத்துனன் மெஷின்மேல் குனிகிறான். கைப்பிடி மேலே எழும்புகிறது. சவுண்டு அதைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி, கீழே அழுத்துகிறான். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. அப்படியும் கைப்பிடி ஏறுகிறது... மெதுவாக, அவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

ஏன் சொல்லவில்லை என்று கணக்கர் கேட்டார்.

“சொன்னா நம்ப மாட்டான் அண்ணே. என்னை விட்டுட்டுத் தனியாப் போயிடுவான். நான் நின்னா அமுக்கியாவது பிடிப்பேன்ல?”

அடுக்களையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். தம்பி கிடங்குக்குப் போய் அரை மணி நேரம் ஆகிறதாம். கணக்கர் அவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். உடனே எடுத்தான். பின்னால் கர்ர்ர் என்ற சத்தம்... அடங்கியது.

“மாப்ளை, மெஷினைத் தொடாதே. அப்படியே வெளிய வா.”

“பயப்படாதீங்க மாமா, நான் தனியா இல்ல. சவுண்டு வந்துட்டான்.”

கணக்கர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். சவுண்டு அங்கேதான் இருந்தான், போனையே பார்த்தபடி.

“சுவிட்ச்கிட்டதான் நிக்கிறான். பாவம், நான்தான் தப்பா நெனச்சுட்டேன். சமாதானமாப் போயிடலாம்னு கை குடுத்தேன்...” சிரித்தான். “பிடிச்ச கையை இன்னும் விட மாட்டேங்கிறான் மாமா.”