ஒட்டுப் போட்ட அண்டா

டிசம்பர் முதல் வாரம். கேம்ப் ரோடு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தாள். அவள் சொன்னதும் என் காது தானாக நீண்டது.

"போன கிறிஸ்துமஸுக்கு எங்க வூட்டுக்காரருக்கு நானே வெஷம் வெச்சுட்டேங்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"பித்தளை அண்டா ஒழுகுச்சு. அவருதான் ரேடியேட்டர் மெக்கானிக்காச்சே, பட்டறையில பத்த வெக்கிற காரீயத்த வெச்சே ஓட்டைய அடைச்சுட்டாரு. நான் அதுலயே வைனுக்குத் திராட்சைய மூணு வாரம் ஊறப்போட்டேன். புளிப்புல காரீயம் கரையும்னு யாருக்குத் தெரியும்? டெய்லி குடிச்சாரு. ஒரே வயித்து வலி. ரத்தத்துல ஈயம் கீதுன்னு டாக்டர் சொன்னப்பதான் தெரிஞ்சுது."

"ஐயோ, பசங்க?"

"அதுங்களுக்கு நான் குடுக்கவேயில்ல. டெஸ்ட்லயும் ஒண்ணுமில்ல. அவருக்கும் நல்லா கொறைஞ்சிடுச்சு. அதான் இந்த வருஷம் கண்ணாடி ஜாடி."

"கண்ணாடி ஒடைஞ்சிடுமேடி."

"ஒடைஞ்சா புதுசு வாங்கிப்போம். இனிமே வூட்ல எதுக்கும் ஒட்டுப் போட மாட்டேன்னு சர்ச்ல முட்டி போட்டு சத்தியம் பண்ணிட்டாரு."