மூன்றாம் தவணையின் கடைசிக் கிழமையைத் தாங்கிய ரம்ஸியா டீச்சருக்கு

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து தொடங்குகிறோம்.

கரைத்தீவுக் களப்போரத்தில், கிடுகுக் கொட்டிலொன்றில் தொண்டர் ஆசிரியையாக வெண்கட்டியைக் கையிலெடுத்து, இருபத்து மூன்று வருடங்கள் ஒரே பாடசாலையில் ஒரே குரலைச் செலவழித்து முடித்து, இன்று ஓய்வுபெறும் எங்கள் மதிப்பிற்குரிய ரம்ஸியா டீச்சர் அவர்களே!

உங்கள் ஒரு பார்வையில் வகுப்பே அடங்கிவிடும் என்று எழுதத்தான் முதலில் இருந்தோம். இப்படியான மடல்களில் அப்படித்தான் எழுதுவார்கள். சட்டம் போட்டு மாட்டினால் அழகாகவும் இருக்கும். ஆனால் வாசிக்கக் கேட்டு நீங்களே சிரித்துவிடுவீர்கள் என்று பயந்தோம். வகுப்பு அடங்கவில்லை, டீச்சர். பரீட்சை முடிந்து விடுமுறை விடும் வரையான அந்தக் கடைசிக் கிழமையில் எவருடைய பார்வைக்கும் எந்த வகுப்பும் அடங்கியதில்லை. மேசைகள் மேளமாகும். விடைத்தாள்கள் தோணிகளாகி வாசல் வெள்ளத்தில் போகும். மழை பெய்வதால் பிள்ளைகளை வெளியே விடவும் ஏலாது, உள்ளே வைத்திருக்கவும் ஏலாது.

அந்தக் கிழமையில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதையும் இந்த மடலில் எழுதியாக வேண்டும். எடுக்காத லீவு டிசம்பர் முப்பத்தோராம் திகதியோடு வீணாகிவிடும் என்பதால், வருடா வருடம் நாங்கள் எல்லோரும் ஒரே கிழமையில்தான் கல்யாண வீட்டுக்கும் கிளினிக்குக்கும் போனோம். யாரும் ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொண்டு போகவில்லை. நீங்கள் வருவீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

போன டிசம்பர் ஐந்தாம் திகதி, வியாழக்கிழமை, பதினொரு பேர் வரவில்லை. அதிபர் வலயக் காரியாலயக் கூட்டத்தில் இருந்தார். வந்திருந்த மற்ற இருவரும் ஆரம்பப் பிரிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டு ஏ, எட்டு பி, ஒன்பது ஆகிய மூன்று வகுப்புகளையும் மண்டபத்தில் சேர்த்து, நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் தனியாக நின்றீர்கள். செவ்வாய்க்கிழமையே உங்கள் தொண்டை அடைத்துவிட்டிருந்தது.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் நிஃப்லா டீச்சர். எட்டு பி-யின் வகுப்பாசிரியை. வேலைக்கு வந்து ஏழு மாதம். மதுரங்குளி வீட்டில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது அவருக்கு உங்கள் அழைப்பு வந்தது. யார் பேசுவது என்று முதலில் விளங்கவில்லையாம். கரகரவென்று ஒரு காற்று மட்டும் வந்ததாம்.

"நிஃப்லா, மகள், உங்கட அலுமாரித் திறப்பு எங்க?"

நிஃப்லா கைப்பையைத் துழாவினார். திறப்பு அங்கே இருந்தது.

"உங்கட வகுப்பு ஸஹ்னாட உம்மா வந்து நிக்கிறா. லொறி வாசல்ல. மன்னாருக்குப் போறாங்களாம், ஒரேயடியா. ரிப்போர்ட் கேக்கிறா."

"மன்னாருக்கா? அவ சொல்லல்லயே, டீச்சர்!"

"எனக்கும் சொல்லல்ல. வாங்க."

வழியெல்லாம் நிஃப்லா முதல்நாளை நினைத்துக்கொண்டே வந்தார். புதன்கிழமை மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தேர்ச்சி அறிக்கை கொடுத்தாயிற்று. மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஸஹ்னாவின் அறிக்கையை மட்டும் திரும்ப அலுமாரியில் வைத்துப் பூட்டி, "ஒனக்கு ஜனவரியிலதான்" என்று சொல்லியிருந்தார். "ஜனவரியிலயா, டீச்சர்?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. பிறகு சிரித்தது. அந்தச் சிரிப்பைத் திமிர் என்றே நிஃப்லா எடுத்துக்கொண்டார். அதன் சூட்டிலேயே பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். புத்தளத்தில் பஸ் மாறும்போதுதான், ஜனவரியில் தான் இங்கே இருக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு பிள்ளையின் சிரிப்பு அது என்று அவருக்கு உறைத்தது.

அவர் கொடுமைக்காரி அல்ல, டீச்சர். அந்தப் பாடவேளை முடியும்போது கொடுப்பதற்கோ மறுப்பதற்கோ அவர் கையில் அந்தக் காகிதத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. களைப்பில் சொன்ன சொல்லை அவர் வீட்டுக்குப் போகுமுன்பே மறந்துவிட்டார். கைப்பையில் கிடந்த திறப்பையும் மறந்தார். இதை எழுதச் சொன்னவரும் அவர்தான்.

இங்கே மண்டப வாசலில் லொறிக்கார நெய்னார் நானா நின்ற இடத்தில் நிற்கவில்லை.

"டீச்சர், எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்துல ஆத்துத் தண்ணி ஏறிட்டா இண்டைக்கு ஒருத்தரும் மன்னார்ப் பக்கம் போக ஏலா. லொறியில அலவாங்கு இருக்கு. அலுமாரிக்கு ஒரே ஒரு நெம்பு."

"அரசாங்கச் சாமான், நெய்னார். மூணு மாசத்துல எனக்குப் பென்ஷன். அதையும் சேத்து நெம்பிராதீங்க."

"அப்ப நான் போகட்டா?"

ஸஹ்னாவின் உம்மா சுல்பா குறுக்கே வந்தார். "ரிப்போர்ட் இல்லாமப் போனா அங்க திரும்ப எட்டாம் வகுப்புலயே இருத்துவாங்க, நானா. எண்ட மூத்தவளுக்கு அப்படித்தான் செஞ்சாங்க. அவ வெக்கத்துல படிப்பையே விட்டுட்டா. இவளும் விட்டா நான் என்ன செய்ய?"

நீங்கள் நெய்னார் நானாவுக்குக் கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்து, உள்ளே திரும்பினீர்கள். உள்ளே யாரோ யாரையோ மேசைக்கடியில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். "இருங்க" என்றீர்கள். உங்களுக்கே கேட்கவில்லை. அப்போது மூன்று வகுப்புகளினதும் பெயர் கூப்பிடும் இடாப்புகளை எடுத்து, உள்ளே நின்ற ஸஹ்னாவின் கையில் கொடுத்தீர்கள். அதற்குப் பின்னால் பெரிய யோசனை ஒன்றும் இருக்கவில்லை என்று பிறகு எங்களிடம் சொன்னீர்கள். எத்தனை பேர் மழைக்குள் ஓடிவிட்டார்கள் என்று எண்ண வேண்டியிருந்தது. எண்ணுவதற்குக் குரல் வேண்டியிருந்தது. மண்டபத்திலேயே பெரிய குரல் அவளுடையது.

"எட்டு பி! வாய மூடு!" என்று ஸஹ்னா கதிரையில் ஏறினாள். "டீச்சருக்குத் தொண்ட இல்ல. எனக்கு இருக்கு!"

"நீ ஆரு எங்களுக்குச் சொல்ல?" என்றது ஒன்பதாம் வகுப்பு.

"இடாப்பு ஆர்ட கையில? பேரக் கூப்பிட்டா 'ஓம்' எண்டு சொல்லு. சொல்லாட்டி நீ வரல்ல. வரல்லண்டா எழுந்து வெளிய போ, மழைக்குள்ள!"

நூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டாள். முடிந்ததும் கீழிருந்து மேலே திரும்பவும் கூப்பிட்டாள். மூன்றாம் தடவை வாப்பாவின் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டபோது மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஆனால் ஒருவரும் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. நீங்கள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி நின்றீர்கள்.

நிஃப்லா வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. ஈரம் சொட்டச் சொட்ட அலுமாரியைத் திறந்து அறிக்கையை எடுத்தார். நடத்தை என்ற இடத்தில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: "திருப்தி இல்லை. வகுப்பை நடத்த விடுவதில்லை." பக்கத்து மண்டபத்திலிருந்து அந்தப் பிள்ளையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே லொறி ஹோன் அடித்தது. நிஃப்லா பேனையோடு உங்களைப் பார்த்தார்.

"என்னத்தச் செய்ய, டீச்சர்? வெட்டவா?"

"உங்கட வகுப்பு, மகள். எனக்கு இப்ப யோசிக்கவும் ஏலா."

நிஃப்லா ஒன்றையும் வெட்டவில்லை. எழுதியதும் பொய்யல்ல. அதன் கீழே இன்னொரு வரி எழுதித் திகதியிட்டு ஒப்பமிட்டார்: "விடுகை பெறும் நாளில், ஆசிரியைக்குக் குரல் இல்லாத வேளையில், மூன்று வகுப்புகளை ஒன்றரை மணித்தியாலம் ஒழுங்காக வைத்திருந்தவர் இவர்."

ஸஹ்னா லொறியில் ஏறியிருந்து அதை வாசித்தாள். "ரெண்டையும் வெச்சிட்டீங்களே, டீச்சர்" என்றாள். அவள் சிரித்தாளா என்று நிஃப்லாவுக்குத் தெரியவில்லை, மழை. லொறி பாலத்தைத் தாண்டிவிட்டதாகப் பின்னேரம் சுல்பா அழைத்துச் சொன்னார். ஸஹ்னா இப்போது அங்கே ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள்.

அவள் போனதும் மண்டபம் மறுபடி அதிர்ந்தது. "லீவுதானே, மகள், வீட்ட போங்க" என்றீர்கள். நிஃப்லா போகவில்லை; எட்டு பி-யை வரிசையாக்கித் தன் வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது உங்கள் முகத்தில் நன்றி ஒன்றும் தெரியவில்லை, டீச்சர். இன்னும் இரண்டு வகுப்புத்தான் என்கிற கணக்கு மட்டும் தெரிந்தது. இத்தனை வருடமும் நாங்கள் உங்களிடம் எதை விட்டுப் போனோம் என்பது, நிஃப்லா அதைச் சொல்லக் கேட்டபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

பொறுமையின் சிகரமே என்று உங்களை அழைக்க எங்களுக்கு வாய் வரவில்லை. உங்களுக்குப் பொறுமை முடிந்துபோயிருந்ததை அந்தக் கிழமையில் வந்தவர்கள் கண்டார்கள். முடிந்த பிறகும் மணி அடிக்கும் வரை நின்றவரே! எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்.

வரும் டிசம்பருக்கான லீவுகளை இப்போதே பங்கிட்டு எழுதி, காரியாலயச் சுவரில் ஒட்டிவிட்டோம். ஒரு நாளைக்கு இருவர், மூன்றாமவர் இல்லை. வல்ல நாயன் உங்களுக்கு நோயற்ற நீண்ட ஆயுளைத் தரட்டும். போன குரலைத் திரும்பத் தரட்டும். அந்தக் கடைசிக் கிழமையில் மழை பெய்யும் காலைகளில், யாரும் எழுப்பாத நித்திரையையும் தரட்டும்.

இங்ஙனம்,
அன்று வந்திருந்த இருவரும்
வராதிருந்த பதினொருவரும்