உருளையில் விழுந்த பிறந்தநாள்

இந்த மாலைக்குத் தலைமை தாங்கி, "சுருக்கமாய்ப் பேசுங்கோ" என்று என் காதோடு சொல்லிவிட்டு அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் இராசையா அண்ணர் அவர்களே! வெரிபீயிலும் டார்னெய்ட்டிலும் இருந்து நகரத்தைக் குறுக்கறுத்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் தமிழில் ஏசுவதை நிறுத்தாத தாய்மார்களே! கையில் போனோடு என்றாலும் வந்திருக்கிறீர்களே, அந்த இளையோர்களே! உங்கள் அனைவருக்கும் சச்சிதானந்தனின் வணக்கம்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்? அதோ மேடையோரத்தில் மினுங்குகிறதே, அந்த உருளையைச் சுற்றி அதிர்ஷ்டலாபச் சீட்டு இழுக்க. முதற்பரிசு, கொழும்புக்குப் போய் வர விமான டிக்கெட். தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள்! தட்டி முடித்த பிறகு நான் சொல்வதைக் கேளுங்கள். அந்த உருளையைப் பார்த்ததும் எனக்கு வேறோர் உருளை நினைவுக்கு வருகிறது.

இதே அவுஸ்திரேலியாவில், அறுபது ஆண்டுகளுக்கு முன், ஓர் உருளையைச் சுற்றினார்கள். அதற்குள் சீட்டுகள் இல்லை, சிறு மர உருண்டைகள் இருந்தன. ஒவ்வோர் உருண்டையும் ஒரு பிறந்தநாள். எந்த நாள் விழுந்ததோ, அந்த நாளில் பிறந்த இருபது வயது இளைஞன் பட்டாளத்துக்குப் போக வேண்டும். வாக்குப் போட அவனுக்கு வயது போதாது. துவக்குத் தூக்கப் போதும்!

அப்படிப் போனவர்களில் பலரை எங்கே அனுப்பினார்கள்? வியட்நாமுக்கு. அது எப்படிப்பட்ட நாடு? வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து இரண்டாக்கிய நாடு. வடக்கே ஒரு கொள்கை, தெற்கே ஒரு கொள்கை. வடக்குக்குப் பின்னால் சில வல்லரசுகள், தெற்குக்குப் பின்னால் சில வல்லரசுகள். கொள்கை பெரியவர்களுக்கு, கொள்ளி வியட்நாமுக்கு! கோடு கிழித்தவன் செத்தானா? கொள்கை முழங்கியவன் செத்தானா? வயலில் குனிந்து நாற்று நட்டவள் செத்தாள். எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் வந்த இருபது வயதுப் பிள்ளையும் செத்தான்.

என்ன, பின்னாலிருந்து யாரோ கேட்கிறார், எங்கள் நாட்டுக்கும் வந்தார்கள்தானே என்று. ஓம் ஐயா, வந்தார்கள். அமைதி காக்க என்று பெயர் சொல்லிக்கொண்டு பக்கத்து நாட்டுப் படையினர் வந்தார்கள். மாலை போட்டு வரவேற்றோம். பிறகு நடந்ததை இங்கே ஐம்பது தாண்டிய ஒருவரும் மறக்கவில்லை. அதனால்தான் வியட்நாமின் கதை எனக்கு ஊரான் வீட்டுக் கதையாகத் தெரியவில்லை.

கிரான்பர்னில் கொலின் என்றொரு வெள்ளைக்கார முதியவர் இருக்கிறார். அவருடைய பிறந்தநாள் அந்த உருளையில் விழுந்தது. பக்கத்து வீட்டு நண்பன் அவருக்கு அடுத்த நாள் பிறந்தவன். அவனுடைய நாள் விழவில்லை. அவன் வீடு கட்டினான், பிள்ளை பெற்றான், பேரன் கண்டான். கொலின் வியட்நாம் காட்டுக்குள் போனார். திரும்பி வந்தவருக்கு நித்திரை திரும்பி வரவில்லை. கல்யாணமும் நிலைக்கவில்லை. அவரிடம் நான் ஒருமுறை கேட்டேன், யாரைக் காப்பாற்றப் போனீர்கள் என்று. சிரித்தார். எல்லோரும் ஒரே கறுப்பு உடுப்பில் வயலில் நின்றார்கள், அதில் காப்பாற்ற வேண்டியவர் யார், சுட வேண்டியவர் யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை என்றார். யாரை எதிர்த்துப் போரிட அவரை அனுப்பினார்களோ, அவர்கள் ஆளும் அதே நாட்டுக்கு, அந்த நண்பனின் பேரன் போன வருடம் தேனிலவுக்குப் போய் வந்திருக்கிறான். படங்களைக் கொலினுக்கும் காட்டினானாம். கடற்கரை நல்ல அழகாம்!

கொலினின் வீட்டுப் புல் வெட்டுகிறவர் எங்கள் லதீஸ். உங்களுக்கெல்லாம் தெரிந்த லதீஸ்தான். இப்போது குசினியில் நின்று உங்களுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். படகில் வந்தவர். பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசா. அவரோடு ஒரே கரையில் காத்திருந்து சில கிழமை முந்திப் படகேறியவர்கள் இன்று குடியுரிமையோடு இதே மண்டபத்தில் இருக்கிறார்கள். அரசு குறித்த கடைசித் தேதிக்கு லதீஸ் பிந்திவிட்டார். கொலினைப் போருக்கு அனுப்பியது ஒரு தேதி. லதீஸைத் துரத்துவதும் ஒரு தேதி. மனிதனைப் பார்க்காமல் தேதியைப் பார்க்கிற அரசுக்குக் கண் எதற்கு?

லதீஸின் அகதிக் கோரிக்கைக்குக் கடைசி மறுப்பும் வந்துவிட்டது. செய்தி கேட்ட கொலின் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வோர் ஏப்ரலிலும் போர்வீரர் நினைவு நாளில் மட்டும் எடுக்கிற பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டார். லதீஸைத் தன் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னார். ஓர் எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனார். பதக்கங்களைக் கழற்றி மேசையில் வைத்தார். அங்கே அவர் சொன்னதை லதீஸ் எனக்குத் தமிழில் சொன்னார். அதை அப்படியே தருகிறேன்.

"கேக்காத சனத்தைக் காப்பாத்த எண்டு என்னை அனுப்பினீங்கள். இவன் வாசல்ல நிண்டு கேக்கிறான். இவனை அனுப்பப் போறீங்களோ?"

மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை எழுந்து நின்று, நாட்டுக்கு நீங்கள் செய்த சேவைக்கு நன்றி என்றது. பதக்கங்களை ஒரு கடித உறையில் போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவுதான். படை அனுப்பக் கடல் தடையில்லை, பாவப்பட்டவன் வந்தால் மட்டும் கடல் எல்லையாகிவிடுகிறது!

வரும் செவ்வாய்க்கிழமை காலை லதீஸ் குடிவரவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். உள்ளே போகிறவர் வெளியே வருவாரா என்று வழக்கறிஞருக்கே தெரியாது. கொலின் வாசலில் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். எண்பது வயது, நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டும். நான் போகிறேன். இன்னும் யார் வருகிறீர்கள்? கையைக் கொஞ்சம் தூக்குங்கள் பார்ப்போம்.

என்ன, முதற்பரிசுக்குத் தட்டிய கைகளா இவை? செவ்வாய் வேலை நாள் என்று முன்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். உண்மைதான். கொலினின் பிறந்தநாள் விழுந்தபோதும், பக்கத்து வீட்டாருக்கெல்லாம் வேலை இருந்திருக்கும்.

செயலாளர் பிரஷாந்தன் மணிக்கூட்டைக் காட்டுகிறார். இழுக்கிறேன் தம்பி, இதோ உருளையிடம் போகிறேன். லதீஸும் ஒரு சீட்டு வாங்கியிருக்கிறார், சங்கத்துக்கு உதவி என்று. தகப்பனின் செத்தவீட்டைக் கிரான்பர்னில் இருந்து போனில் பார்த்த மனிதன், கொழும்புக்குப் போய் வரும் டிக்கெட்டுக்குச் சீட்டு வாங்கியிருக்கிறார். அவருக்குப் போக மட்டும் ஒரு டிக்கெட்டை இந்த அரசே இலவசமாக வைத்திருக்கிறது. இதைப் பரிசாகத் தெரிந்தெடுத்தபோது எங்கள் செயற்குழுவில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

யாருக்கு விழுந்தாலும் சந்தோஷம். ஆனால் விழுந்தவருக்கு ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை அந்த டிக்கெட்டோடு வாசலுக்கு வாருங்கள். உள்ளே போவதற்கு முன் லதீஸ் அதைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். திரும்பி வரும் தேதி போட்ட ஒரு டிக்கெட் எப்படி இருக்கும் என்று அவர் ஒருமுறையாவது பார்க்கட்டும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், குசினியில் நின்று கேட்டிருக்கக்கூடியவருக்கும் நன்றி. செவ்வாய் காலை சந்திப்போருக்கு அன்பு வணக்கம். மற்றவர்களுக்கும் வணக்கம்.